ஜூஸ் ரூமுக்குப் போன பிள்ளை

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளை அளக்கும் முறை எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று கேட்டால் எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. முதலில் மார்க் இருந்தது. மார்க் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது, கிரேடு போதும் என்றார்கள். வருடம் முழுக்க ஒரே புத்தகம் என்பதை மாற்றிப் பருவத்துக்கு ஒன்று என்றார்கள். பாட்டுப் பாடினால் மார்க், படம் ஒட்டினால் மார்க், எழுதினாலும் மார்க் என்று கொஞ்ச காலம் ஓடியது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஒரு தடவை அறிவித்தார்கள். பிள்ளைகள் பயந்து முடிப்பதற்குள் அது இல்லை என்றார்கள். பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது, அதுவும் போனது. பிறகு பேப்பரை விட்டுவிட்டு ஃபோனுக்கு வந்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு. பயிற்சியில் டீயும் பிஸ்கட்டும் ஒரு கையேடும் உண்டு. அந்தக் கையேடுகள் எங்கள் வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா என்று என் கணவர் கேட்கும்போதெல்லாம், அது அரசாங்கச் சொத்து என்று சொல்லித் தடுத்துவிடுவேன். உண்மையில், ஏதாவது ஒன்று திரும்பி வந்தாலும் வரும் என்ற பயம்தான்.

எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். நான் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து, அங்கே ஷேர் ஆட்டோ பிடிப்பேன். நான் கணக்கு டீச்சர். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் நான்தான் கணக்கு. ஆள் இல்லாத நாளில் அறிவியலும் நான்தான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சிலர் கன்னடம். வகுப்பில் தமிழ். விளையாட்டில் சண்டை வந்தால் மூன்றும் கலந்து வரும். அப்பா அம்மாக்களில் ஒரு பகுதி மாந்தோப்பு வேலை, ஒரு பகுதி கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். விடியுமுன்பே நெடுஞ்சாலை ஓரத்தில் பெண்கள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வரிசையாக நிற்பார்கள். வீட்டுப்பாடத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், "அம்மா ஷிஃப்ட்ல இருக்குது டீச்சர்" என்பதுதான் எங்கள் ஊரில் வழக்கமான பதில்.

இந்தக் கதை எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணைப் பற்றியது. கணக்கில் அவளுக்கு வேகம் அதிகம். நான் போர்டில் எழுதி முடிக்கும் முன்பே அவள் கை மேலே போய்விடும். இடது கைக்காரி, எழுதியதை எல்லாம் அவள் கையே அழித்துக்கொண்டு போகும், நோட்டு முழுக்க நீலமாக இருக்கும். மனக்கணக்குப் போடும்போது உதடு அசையும், தெலுங்கில்தான் எண்ணுவாள். அவளுக்கு இருந்த ஒரே குறை, தமிழைத் தடவித் தடவிப் படிப்பாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்துப் போவாள். கணக்கை நான் வாயால் சொன்னால் விடை உடனே வரும். அதையே நான்கு வரியில் அச்சடித்துக் கொடுத்தால், அவள் மூன்றாவது வரிக்கு வரும்போது மற்றவர்கள் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பார்கள். பழைய முறையில் வாய்மொழிக்கும் செய்முறைக்கும் மார்க் இருந்ததால், எப்போதும் நல்ல கிரேடு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மாவை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். அப்பா பர்கூரில் கிரானைட் குவாரியில் வேலை; வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். அம்மா மாம்பழ சீசனில் மண்டியில் தரம் பிரிப்பவள், மற்ற நாளில் தோட்ட வேலை. பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். கிரேடு அட்டையை இரண்டு கையாலும் வாங்குவாள். அவளுடைய நாத்தனார் கம்பெனியில் இருந்தாள். இவளுக்கும் அங்கே இடம் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். மாதச் சம்பளம், சாப்பாடு, பஸ். இவள்தான் போகவில்லை. மகளுக்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு ஒரு பையன் பிறந்திருந்தான், அப்போது நடை பழகுகிற வயது. மண்டிக்கு என்றால் அவனையும் தூக்கிக்கொண்டு போகலாம், ஷிஃப்டுக்குப் போனால் அவனை யார் பார்ப்பது. மகளை நிறுத்தினால் முடியும். "பாப்பா நல்லாப் படிக்குது டீச்சர், அத எதுக்கு நிறுத்தறது. எனக்கு மண்டி போதும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே புதுத் தேர்வு வந்தது. தேர்வு என்று சொல்லக் கூடாது, அடைவு ஆய்வு என்று சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு. எல்லாமே வட்டத்தைக் கறுப்பாக்கும் கேள்விகள். கணக்கிலும் கதை கதையாகக் கேள்வி. ஒரு கோடு போட்டிருந்தார்கள். மூன்று பாடத்திலும் கோட்டுக்கு மேலே வந்தவர்கள் வகுப்பு நிலை. ஒரு பாடத்தில் கீழே போனாலும் அடிப்படை நிலை. அடிப்படை நிலைப் பிள்ளைகளுக்குத் தனி அறை, தனி நேரம், தனிப் பயிற்சிப் புத்தகம். நோக்கம் நல்லதுதான். பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு. நான் இருந்த வரைக்கும் வந்த எல்லாத் திட்டங்களுக்கும் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கிறது.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். மேலிருந்து ஒரு மெசேஜ் வந்தால் அதை எங்கள் குரூப்பில் போட்டுவிட்டு, போட்டேன் என்று நேரிலும் வந்து சொல்வார். பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அவருக்குக் கவலை. அடிப்படை நிலை என்று யாரும் சொல்லக் கூடாது, சிறப்பு வகுப்பு என்றுதான் சொல்ல வேண்டும் என்று அசெம்பிளியில் அறிவித்தார். சமையல் அறைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து, உடைந்த கம்ப்யூட்டர்களை ஒரு மூலையில் தள்ளி, சுவரில் இரண்டு படம் மாட்டி வைத்தார். அன்று மத்தியானத்துக்குள் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜூஸ் ரூம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தோப்பிலிருந்து வரும் மாம்பழத்தை மண்டியில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். அடிபடாதது, உருண்டு திரண்டது, பெட்டியில் அடுக்கி வெளியூர் போகும். மற்றதெல்லாம் லாரியில் அள்ளிப் போட்டு ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகும், அங்கே கூழாகிவிடும். எங்கள் பிள்ளைகள் லீவில் அம்மாவோடு மண்டிக்குப் போய் வளர்ந்தவர்கள். எட்டாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வேறு அறைக்கு அனுப்பினால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும். சிறப்பு வகுப்பு என்று தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல, "ஜூஸுக்குப் போறவங்க எல்லாம் எழுந்திரிங்கடா" என்று லீடர் கூப்பிடுவான். அவனைக் கண்டித்தேன். அவன் நான் இல்லாத நேரத்தில் கூப்பிட்டான்.

அந்தப் பெண் தமிழில் கோட்டுக்குக் கீழே போயிருந்தாள். கொஞ்சம்தான். கணக்கில் மேலே, ஆங்கிலத்தில் எப்படியோ கோட்டை ஒட்டித் தப்பித்திருந்தாள். ஆனால் ஒன்றில் போனாலும் போனதுதான். பெயரைக் கூப்பிட்டபோது அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலைமையாசிரியரிடம் போய், "சார், கணக்குல இவளுக்கு நான் என்ன அடிப்படை சொல்லித் தரது, அவ எனக்குச் சொல்லித் தருவா" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாம பிரிக்கலயே டீச்சர், சிஸ்டம் பிரிச்சிருக்கு" என்றார். அதற்கு மேல் பேச எனக்கும் தெம்பு இல்லை. காலையில் ஒரு பயிற்சி, மாலையில் பதிவேற்றம் என்று அந்த மாதமே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, இரண்டு அறைக்கும் கணக்கு டீச்சர் நான்தான். இந்த அறையில் வர்க்கமூலம், அந்த அறையில் கூட்டல். அங்கே அவள் தனக்குக் கொடுத்த கூட்டல் புத்தகத்தை இரண்டாவது நாளே முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். அது எனக்குத் தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தது சுதந்திர தினத்துக்குப் பிறகு. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். எத்தனையோ பெற்றோர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்வதற்குப் பயிற்சியில் பதிலே கொடுத்திருந்தார்கள். இவள் சத்தம் போடவில்லை.

"டீச்சர், எங்க பொண்ண ஜூஸ் ரூம்ல போட்டுட்டீங்களாமே."

"அப்பிடிச் சொல்லாதம்மா. அது சிறப்பு வகுப்பு. தமிழ் வாசிக்கறதுல கொஞ்சம் பின்தங்கியிருக்கா, அதுக்குத்தான். கணக்குல அவதான் முதல்."

"நல்லாப் படிக்குதுன்னு அட்டையில போட்டுக் குடுத்தீங்க. ரெண்டு வருசமும் குடுத்தீங்க."

"அது வேற முறைம்மா. இது இந்த வருசம் புதுசா வந்தது."

"நான் கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து தரம் பிரிக்கறவ டீச்சர்" என்றாள். "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு கை பாட்டுக்குப் போட்டுக்கினே இருக்கும். அந்தப் பக்கம் போட்டத யாரும் மறுபடி எடுத்துப் பாக்க மாட்டாங்க."

"தப்பா போடறதும் உண்டுதானே?"

"உண்டு. அதுக்குள்ள லாரியில ஏத்திடுவாங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். இது பழம் இல்லை, பிள்ளை. அடுத்த பருவத்தில் மறுபடி பார்ப்பார்கள். மேலே வந்துவிடுவாள் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்றாள். அவளுக்கு என் மேல் கோபமே இல்லை. பிரிக்கத் தெரிந்தவர்கள் பிரித்திருக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டு போனாள். நான் அவளைச் சமாதானப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், பிறகு ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். பிறகு அவள் தெருப் பிள்ளை ஒருத்தி உண்மையைச் சொன்னாள். அம்மா கம்பெனிக்குப் போகிறாள். இவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். நான் இரண்டு முறை ஃபோன் பண்ணினேன்; ஷிஃப்டில் இருப்பவர்கள் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம், எடுக்கவில்லை. நடுவில் நான்கைந்து நாள் வந்தாள். அங்கன்வாடி திறந்து தம்பியை விட்ட பிறகுதான் வர முடியும், அதனால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தினமும் விட முடியாது என்று அங்கன்வாடியில் சொல்லிவிட்டார்களாம், அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அரையாண்டு முடிந்து பொங்கல் லீவுக்கு முன்னால் மேலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அடிப்படை நிலைக்கான வரையறை மாற்றி அமைக்கப்படுகிறது. மூன்றில் இரண்டு பாடங்களில் கோட்டுக்கு மேலே இருந்தால் போதும், கோடும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே எழுதிய தேர்வின் மார்க்கையே எடுத்துக்கொண்டு, புதிய அளவில் பிள்ளைகளை மறுபடி பிரித்து, நாளை மாலைக்குள் பதிவேற்ற வேண்டும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களே ஊகித்துக்கொண்டோம். இவ்வளவு பிள்ளைகள் கீழே இருப்பதாகக் காட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று ஒருவர் சொன்னார். முதலில் போட்டதே தவறு, இப்போதுதான் சரி செய்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மையோ, எங்களுக்கு மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டு ஆட்டைத் தூக்கி மாட்டில் போடும் வேலை.

நானும் தலைமையாசிரியரும் அலுவலக அறையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தோம். அவர் பெயரைப் படிப்பார், நான் ஃபோனில் தட்டுவேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜூஸ் ரூமில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. அவளுடைய பெயர் வந்தபோது அவர் நிறுத்தினார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு மேல வந்துடுச்சு."

"பள்ளிக்கூடத்துக்கே வராம வந்துட்டாளா சார்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் எடுத்து வந்தேன்.

கூட்டல் புத்தகங்கள் மீந்துபோயின. பிரிக்காத கட்டுகள் அந்த அறையிலேயே கம்ப்யூட்டர்களோடு சேர்ந்துகொண்டன. மேலே வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நிலைப் புத்தகம் பத்தவில்லை. இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தோம். அந்தக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அச்சடித்தது ஊர்ப் பணம். பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்ட நாளில் என் வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்ததே, அதுவும் ஊர்ப் பணம்தான். காய்கறிக்காரர் எடைக்கல்லை மாற்றினால் சண்டைக்குப் போகிற ஊர் இது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தைக் கரையான் அரித்தால் ஆடிட்டில் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களை எந்த ஆடிட்டிலும் கேட்க மாட்டார்கள்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். காலனியில் ஒரே மாதிரி வீடுகள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வழி காட்டினார்கள். அந்தப் பெண் வெளியே கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியின் நீலச் சட்டை, அதற்குப் பக்கத்தில் தம்பியின் கால்சட்டைகள். தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அம்மா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நான் சொல்லும்போதே முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள். பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள்.

நான் நல்ல செய்தி கொண்டு வந்தவள் மாதிரிச் சொன்னேன். உன் பொண்ணு மேலே வந்துவிட்டாள், இனிமேல் அந்த ரூம் இல்லை என்றேன்.

"மறுபடி பரீட்சை வெச்சாங்களா? இவ வரலயே."

"இல்லம்மா. அப்ப எழுதின அதே பரீட்சை."

"மார்க்கு தப்பா போட்டுட்டாங்களா?"

"மார்க்கும் அதேதான்."

"அப்போ என்னாதான் டீச்சர் மாறிச்சு?"

"கோட்ட மாத்திட்டாங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு வாய் கூசியது.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது என்று சொன்னால் பொய். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மகளைப் பார்த்தாள். மகள் கதவுக்குப் பக்கத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்போ இவ ஜூலை மாசத்திலேயே நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். "நாந்தான் அவள வீட்டுல உக்கார வெச்சிருக்கேன்" என்றாள். இல்லம்மா, நீ இல்ல என்றேன். பின்னே யார் என்று அவள் கேட்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அன்றைக்கு அவள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்த அம்பு நான் ஒருத்திதான். என்னை நொந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் தன்னையே நொந்துகொண்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அனுப்பு, நான் விட்டுப்போன பாடத்தையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் உடனே சரி சொல்லவில்லை. யோசித்தாள். கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட், நமக்குத் தோதாக மாற்றித் தர மாட்டார்கள். இவளை அனுப்பினால் அவள் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். ஒரு தடவை நின்றால் மறுபடி எடுப்பார்களா தெரியாது. வெளியே கம்பெனி அட்டை வாங்கக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டாள். சம்பளம் வந்த பிறகு வாங்கிய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று மூலையில் இருந்தது, தவணை இன்னும் முடியவில்லை என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"மறுபடி கீழ போட மாட்டோம்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நான் நின்னுக்கறேன்."

அரசாங்கத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. அடுத்த மாதம் என்ன மெசேஜ் வரும் என்பது எனக்கும் தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியாது, அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண் கதவுப் பக்கம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டோம்" என்றேன்.

அம்மா அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுகொண்டாள். மகள் அதற்குள்ளாகவே வர ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வாரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி பையனைப் பார்த்துக்கொண்டாளாம். முதல் நாள் மகள் பழக்கத்தில் நேராகச் சமையல் அறைப் பக்கம் போய்விட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். வழியில், "ரெண்டு ரூம்லயும் நீங்கதான டீச்சர் கணக்கு எடுத்தீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அங்க ஏன் டீச்சர் ஈசியாவே நடத்துனீங்க" என்று கேட்டாள். புத்தகம் அப்படி என்றேன்.

அதன் பிறகு தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கணக்கு இல்லை, வாசிப்பு. கதைக் கணக்கை அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்ததைத் தெலுங்கில் எனக்குச் சொல்ல வேண்டும். பிறகு தமிழில் சொல்ல வேண்டும். எனக்குத் தெலுங்கு அரைகுறை. நான் தப்பாகப் புரிந்துகொண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். விரல் வைத்துப் படிப்பதை விடச் சொல்லவில்லை. விரல் வேகமாகப் போனால் போதும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அலுப்பாக இருந்த நாட்கள் உண்டு. சாப்பிட்டவுடன் கண்ணைச் சுழற்றும், அவள் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருப்பாள், எனக்கு எரிச்சல் வரும். அப்போதெல்லாம் அந்தச் சேரில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை நினைவுக்கு வரும். அதற்காகவே உட்கார்ந்தேன், வேறு பெரிய லட்சியம் ஒன்றும் எனக்கு அப்போது இல்லை.

வருடக் கடைசியில் வந்த ஆய்வில் அவள் தமிழிலும் கோட்டுக்கு மேலே வந்தாள். புதுக் கோட்டுக்கு மட்டுமில்லை, பழைய கோட்டுக்கும் மேலே. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். சீசன் தொடங்கிவிட்டது, மண்டிக்குப் போகிறேன் என்றாள். ஃபிரிட்ஜை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். மீதித் தவணையை நாத்தனாரே கட்டிக்கொள்வாள். கேட்காமலே சொன்னாள். மகள் ஒன்பதாம் வகுப்புக்கு நெடுஞ்சாலையைத் தாண்டி உள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று என் கையில் ஒரு பை மாங்காய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் கடைசியில் ஒரு நாள், நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் மண்டிச் சத்தம், யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். நல்லா இருக்குது டீச்சர் என்றாள். பிறகு தயங்கினாள்.

"பாப்பா பள்ளிக்கூடத்துல புதுசா வேற ஒரு பரீட்சை வெக்கப் போறாங்களாம் டீச்சர். போன வருசத்துது கணக்கில்லயாம். அதுல பாத்துதான் பிரிப்பாங்களாம்."

"ம்."

"நீங்க சொன்ன சொல்லு அங்கயும் செல்லுமில்ல?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை.

"செல்லும்" என்றேன்.

"அது போதும் டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பஸ் போன பிறகு, அந்த உயர்நிலைப் பள்ளியில் எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தேன். பயிற்சிகளில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.